அப்பா நினைக்கிறாரு

திற சாமி, திற, என் ராசாத்தி இல்ல, ஒரே ஒரு வாய் திற என்று பூமதி மனசுக்குள்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். வாய்விட்டுச் சொல்லக் கூடாது. முகத்திலும் காட்டக் கூடாது. பாட்டு கூடாது, கண்ணை உருட்டக் கூடாது, ஆட்டுக்குட்டி மாதிரித் தும்மக் கூடாது. கரண்டியை சுபிக்‌ஷாவின் கீழுதட்டுக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்திப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். சும்மா இருப்பது இத்தனை பெரிய வேலை என்று, ஐந்து வயசுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு திருச்செங்கோடு பஸ்ஸில் நின்றுகொண்டே வருகிறவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த, இந்தப் பயிற்சி மையத்தின் தெரபிஸ்ட் பெனிட்டா மேடம் ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டி, அதன் வட்டத்தை சுபியின் கழுத்தில், தாடைக்குக் கீழே ஓரமாக வைத்திருந்தாள். நெஞ்சில் வைத்துத்தான் பார்த்திருக்கிறாள் பூமதி, கழுத்தில் வைத்து இன்றைக்குத்தான் பார்க்கிறாள். முழுங்குகிற சத்தத்தைக் கேட்கிறாளாம். அந்தச் சத்தம் சரியாக இருந்தால் வாயிலேயே ஊட்டலாம் என்று இன்றைக்கே பெரியாஸ்பத்திரி டாக்டருக்குப் போன் போகும். சரியில்லை என்றால் வயிற்றில் ஓட்டை போட்டுக் குழாய். டாக்டர் இதைச் சொன்னபோது சுபி மூன்றாவது தடவையாக நெஞ்சில் சளி கட்டி, மூக்கில் ஆக்சிஜனோடு படுத்திருந்தாள். "சாப்பாடு நுரையீரலுக்குப் போகுதும்மா, இன்னொரு தடவை இப்படி வந்தா புள்ள தாங்க மாட்டா" என்று அவர் சொன்னதும், பூமதி அவர் சட்டைப்பையில் மை கசிந்திருந்ததையே பார்த்துக்கொண்டு நின்றதும், போதும், இப்போது அது வேண்டாம், கரண்டியைப் பார்.

கொஞ்ச நேரம் முன்னால் "வீட்ல எப்படி ஊட்டுவீங்களோ அப்படியே ஒரு வாய் ஊட்டுங்க, நான் பாக்கறேன்" என்று பெனிட்டா சொன்னபோது பூமதிக்குக் குஷிதான். இந்த மையத்தில் அவள் எல்லாவற்றையும் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. காலை மடக்கி நீட்டுவது, பிளாஸ்டிக் வார் போட்டுப் பாதத்தை நேராக வைப்பது, விறைக்கிற கையைக் கட்டைவிரல் பக்கமிருந்து பிரிப்பது. எதிலும் அவள் கை முதலில் தப்பாகத்தான் போகும். ஊட்டுவது அப்படி இல்லை, அது அவள் ராஜ்ஜியம். சுபியை வாரி மடியில் மல்லாத்திக்கொண்டாள், தலையை முழங்கையில் சாய்த்துக்கொண்டாள், மூக்கைச் சுருக்கி, "ஹ்ஹ்... ஹ்ஹா..." என்று இழுத்து, தும்மல் வரப்போகிற மாதிரியே இருந்து, கடைசியில் "ஹாச்சூ!" இது ஆட்டுக்குட்டியின் தும்மல். ஒரு நாள் வாசலில் கட்டியிருந்த குட்டி தவிட்டுத் தண்ணீரில் மூக்கை விட்டுவிட்டுத் தும்மியபோதுதான் சுபி முதன்முதலாகச் சத்தம் போட்டுச் சிரித்தாள். பிறந்தபோது அழாத பிள்ளை. அழவில்லை அழவில்லை என்று நர்ஸம்மா காலைப் பிடித்துத் தட்டிய சத்தம்தான் பூமதியின் காதில் இன்னும் இருக்கிறது. அந்தப் பிள்ளை ஒரு ஆட்டுக்குட்டி தும்மியதற்கு அடிவயிற்றிலிருந்து சிரித்தது. அன்றைக்கே பூமதிக்கு வழி தெரிந்துவிட்டது. கரண்டியைக் கண்டால் சுபியின் தாடை பூட்டு மாதிரி விழும், கரண்டியைக் கடித்துக்கொண்டால் விடாது, உடம்பு வில்லாய் வளையும். சிரித்தால் மட்டும் பூட்டுத் திறக்கும். வாய் அகலத் திறக்கிற அந்த நொடியில் ஒரு கரண்டி உள்ளே. மறுபடி தும்மல், மறுபடி சிரிப்பு, மறுபடி கரண்டி. "அடி எம்புள்ள கிண்ணத்தக் காலி பண்ணிப்போட்டா பாருங்க!" என்று அக்கம்பக்கத்துக்குத் தூக்கிக் காட்டுவாள். இன்றைக்கும் அதே மாதிரி சுபி சிரித்தாள், வாய் திறந்தது, கரண்டி போனது. பெனிட்டா கையைத் தூக்கிவிட்டாள். "நிறுத்துங்க பூமதி. நீங்க நல்லா சிரிக்க வைக்கிறீங்க. அதுதான் பிரச்சினை." சிரிக்கும்போது மூச்சை உள்ளே இழுப்போம், மூச்சுப்போகிற வழி திறந்திருக்கும், தலை பின்னால் சாய்ந்திருந்தால் இன்னும் அகலமாகத் திறந்திருக்கும், அந்த நேரத்தில் சோறு உள்ளே போனால் எந்த வழியில் போகும் என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை.

இப்போது சுபி மர நாற்காலியில் இருக்கிறாள். இரண்டு பக்கமும் பலகை வைத்து மூலை மாதிரி அடித்த நாற்காலி, முன்னால் ஒரு தட்டுப்பலகை, இடுப்பிலும் நெஞ்சிலும் வார். முதுகு நேராக, தாடை கொஞ்சம் கீழே. பருப்புச் சாதத்தைக் கூட வழக்கமாக ரசம் விட்டுக் கரைக்கிற மாதிரி கரைக்கவில்லை, கரண்டியைக் கவிழ்த்தால் சட்டென்று விழாத பதத்தில் பெனிட்டாவே மசித்துக் கொடுத்தாள். எதிரே அம்மா உட்கார்ந்திருக்கிறாள், ஆனால் அம்மா மாதிரி இல்லை. சுபி அதைத்தான் பார்க்கிறாள். அந்தப் பெரிய கண்கள் பூமதியின் நெற்றிக்குப் போய், மூக்குக்கு வந்து, வாய்க்கு வந்து, தும்மல் எங்கே என்று தேடுகின்றன. என்னடி தங்கம், அம்மா கோவிச்சுக்கல, அம்மாவுக்கு ஒண்ணுமில்ல, அம்மா சும்மா இருக்கறா, அவ்வளவுதான். இதை எப்படிச் சொல்வது? மூஞ்சியால்தான் ரெண்டு பேரும் இத்தனை நாளும் பேசினார்கள். சுபிக்கு வார்த்தை வராது, கைச்சைகை வராது, கை அதன் இஷ்டத்துக்குப் போகும். சோறு ஊட்டுகிற நேரம்தான் அவர்களுக்குப் பேச்சு. உதட்டோரம் கீழே இறங்குகிறது, இதோ அழப்போகிறாள், அழுதாலும் மூச்சுதானே இழுப்பாள், அழுகையும் கூடாது சிரிப்பும் கூடாது என்றால் பிள்ளைகள் எப்படித்தான் சாப்பிடுவது? "காத்திருங்க" என்றாள் பெனிட்டா மெதுவாக. "அவளுக்குக் கரண்டி தெரியட்டும். அவளா வரட்டும்." உள்தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு பிள்ளையை நிற்கிற பலகையில் கட்டி நிறுத்துகிறார்கள், "கால ஊணு, ஊணு, சூப்பர் சூப்பர்" என்று குரல் வருகிறது, அந்தப் பிள்ளை வீலென்று கத்துகிறது. சுபியின் கீழுதடு கரண்டியில் பட்டது. தானாகப் பட்டதா, தலை ஆடியதில் பட்டதா தெரியவில்லை. பூமதி கரண்டியை நாக்கின் மேல் வைத்து லேசாக அழுத்தி நேராக வெளியே எடுத்தாள், சொல்லிக்கொடுத்த மாதிரியே. உதடு மூடியது. இப்போது முழுங்கணும். முழுங்கு. தொண்டைமேடு மேலே ஏறி இறங்கணும். ஏறல. நாக்கு சாதத்தை முன்னுக்குத் தள்ளுது, ஓரமா வழியுது, துடைக்கக் கூடாது, துடைச்சா வாய் மறுபடி கடிக்கும், விடு, வழியட்டும். ஏறிச்சு. இறங்கிச்சு. "இன்னொரு தடவை முழுங்கட்டும்" என்று பெனிட்டா விரலைக் காட்டினாள். தொண்டையில் மிச்சம் தங்கியிருக்கும், அது அடுத்த மூச்சோடு போய்விடும். இன்னொரு தடவை. போன வாரம் வரைக்கும் இப்படி ஒன்று இருக்கிறதென்றே பூமதிக்குத் தெரியாது.

போன வாரம் வரைக்கும் என்னதான் தெரிந்தது அவளுக்கு? டாக்டர் சொன்னதையும் புரையேறுவதையும் சேர்த்துப் பார்க்கக்கூடத் தெரியவில்லை. பெனிட்டா முதல் தடவை உட்கார்த்தி வைத்து ஒவ்வொன்றாய்க் கேட்டபோது, "சாப்பிடறப்ப இருமல் வருமா?" என்று கேட்டதற்கு எவ்வளவு பெருமையாக, எவ்வளவு சிரித்துக்கொண்டு பதில் சொன்னாள்! "நல்லா வருமுங்க மேடம், புரையேறிக்கிட்டே இருக்கும், அவங்கப்பா நினைக்கிறாருல்ல." எழுதிக்கொண்டிருந்த பெனிட்டா நிமிர்ந்து பார்த்தாள். அவள் ரசிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு பூமதி விவரமாகச் சொன்னாள். புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று உச்சந்தலையில் தட்டுவது ஊர் வழக்கம்தானே. சுபியை வேறு யார் நினைக்கப் போகிறார்கள்? அவள் அப்பன் செங்கோட்டுவேல் போர்வெல் லாரியோடு சட்டீஸ்கர் பக்கம் போனால் மழை தொடங்கித்தான் திரும்புவான். காட்டுக்குள், பாஷை தெரியாத ஊரில், கல்லைத் துளைத்துக்கொண்டு, புழுதியில் முடியெல்லாம் வெள்ளையாகி, அவன் பிள்ளையை நினைக்கிறான். நினைத்ததும் இங்கே பிள்ளைக்குப் புரையேறுகிறது. பூமதி தலையில் தட்டி, "அப்பா நினைக்கிறாரு, அப்பா நினைக்கிறாரு, போதும் மாமா, புள்ள சாப்பிடட்டும்" என்று வடக்கே பார்த்துச் சத்தம் போடுவாள். சுபி இருமலோடு சிரிப்பாள், சிரிப்போடு இன்னும் இருமுவாள். அப்புறம் போனை ஸ்பீக்கரில் போட்டு, "ஏனுங்க, இப்ப நினைச்சீங்களா?" "ஆமா புள்ள, இப்பத்தான் பைப்பு மாத்தறப்ப நினைச்சேன், எப்படிக் கண்டுபுடிச்ச?" "எம்பொண்ணு கண்டுபுடிச்சா." ஒரு தடவை கூட அவன் இல்லை என்று சொன்னதில்லை. பிள்ளை பேசாது, எழுதாது, ஆனால் அப்பன் நினைப்பு அவள் தொண்டைக்கு வந்து சேர்கிறது என்று அவனுக்கு ஒரு சந்தோஷம், லோடுமேன்களிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தான். பெனிட்டா சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, "இப்பவும் புரையேறுதா?" என்றாள். "இப்ப இல்லீங்க, கொஞ்ச நாளா நின்னுபோச்சு, நல்லாயிருச்சு" என்றாள் பூமதி. அதுவும் பெருமைதான். பெனிட்டா அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், "நல்லாகலை பூமதி. அவ்வளவு தடவை தப்பான வழியில போனதுல தொண்டைக்கு அது பழகிருச்சு. இப்பவும் போகுது. இருமணும்னு அவளுக்குத் தோணறதில்ல."

இருமணும்னு அவளுக்குத் தோணறதில்ல. அன்றைக்கு பஸ்ஸில் திரும்பும்போது இந்த ஒரு வரி பூமதியின் மண்டைக்குள் மில் மாதிரி ஓடியது, சங்ககிரி பிரிவு வந்ததே தெரியவில்லை. இருமல் நின்ற அந்த நாட்களில் அவள் என்ன செய்தாள்? புருஷனிடம் சண்டை போட்டாள். "இப்பல்லாம் நீங்க எங்கள நினைக்கறதே இல்லயாட்டம் இருக்குது, புள்ளைக்குப் புரையே ஏறமாட்டேங்குது, அங்க வேற எவளாச்சும் ஆப்ட்டுட்டாளா?" விளையாட்டாகத்தான் கேட்டாள். அவன் பதறிப்போய், "இல்ல புள்ள, நினைக்கறேன், சாமி சத்தியமா தினமும் நினைக்கறேன்" என்றான். அந்த மனுஷன் அங்கே நினைத்துக்கொண்டேதான் இருந்திருக்கிறான், இங்கே சோறு நுரையீரலுக்குப் போய்க்கொண்டேதான் இருந்திருக்கிறது, இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இதை அவனிடம் எப்படிச் சொல்வது? குழாய் என்கிற வார்த்தையையே இன்னும் சொல்லவில்லை. சொன்னால் வண்டியைப் போட்டுவிட்டு ரயில் ஏறிவிடுவான். அடுத்த கரண்டி. பதம் சரியாக இருக்கிறதா? கவிழ்த்துப் பார்த்தாள், தொங்கிக்கொண்டு நின்றது, நல்லது. எட்டாம் வகுப்பில் இதைப் படமாகவே வரைந்தாளே, கழுத்தைப் பக்கவாட்டில் வெட்டின மாதிரி, முன்னால் மூச்சுக்குழல் நீலம், பின்னால் உணவுக்குழல் சிவப்பு, நடுவில் சின்னதாக ஒரு மூடி. சோறு வரும்போது அந்த மூடி மூச்சுக்குழலை மூடிக்கொள்ளும் என்று எழுதி சயின்ஸ் டீச்சரிடம் 'குட்' கூட வாங்கினாள். அந்தப் படம் நோட்டில் இருந்தது, சுபியின் கழுத்தில் இருக்கிறதென்று ஒரு நாளும் தோன்றவில்லை. பாருங்க, இதோ இந்தக் கழுத்து, பவுடர் போட்டு மணக்க மணக்கக் கொண்டுவந்த கழுத்து, இதுக்குள்ள நீலமும் சிவப்பும். மூடு சாமி, மூடியை மூடு. ஏறிச்சு, இறங்கிச்சு. இன்னொரு தடவை. இறங்கிச்சு. பெனிட்டாவின் முகத்தைத் திருடி மாதிரிப் பார்த்தாள். மேடத்தின் தலை லேசாக ஆடியது. நல்ல ஆட்டம்தான். நல்ல ஆட்டம்தானே?

நாலைந்து வாய் அப்படியே போயிற்று. பூமதிக்குள் ஏதோ இளகி, பேராசை எட்டிப்பார்த்தது. வேணாம், குழாய் வேணாம், இப்படியே ஊட்டிக்கலாம், நேரமானா ஆகட்டும், ஒரு வேளைக்கு ஒரு மணி நேரமானாலும் ஊட்டிக்கறேன், மாட்டுக்கு யாராவது தண்ணி காட்டட்டும். இதே மையத்துக்கு வருகிற ஜமீலாக்கா பையன் ரியாஸின் குழாய் நினைவுக்கு வந்தது. ஹாலில் பாய் மேல் சட்டையைத் தூக்கிவிட்டு, வயிற்றில் பொத்தான் மாதிரி ஒன்று, அதில் சின்னக் குழாயை மாட்டி, ஊசி போடுகிற சிரிஞ்சு மாதிரி ஒன்றைத் தூக்கிப் பிடித்துக் கூழை ஊற்றிக்கொண்டே அக்கா போனில் யாரிடமோ மாவரைத்த கதை பேசிக்கொண்டிருந்தாள். "அக்கா, வலிக்காதா அவனுக்கு?" என்று கேட்டதற்கு, "வலிக்கறதெல்லாம் எனக்குத்தாண்டி, முதல் மாசம் அழுது தீத்தேன், இப்ப பாரு கன்னுக்குட்டி மாதிரி எடை போட்டிருக்கான்" என்று அவன் தொடையைக் கிள்ளினாள். எடை. சுபியின் எடை போன தடவையை விடக் குறைந்திருந்தது. எடை மெஷினில் நிற்க முடியாததால் பூமதி சுபியைத் தூக்கிக்கொண்டு ஏறி, பிறகு தனியாக ஏறி, கழித்துப் பார்ப்பார்கள். கழிக்கும்போது இவள் எடைதான் பெரிதாய் நிற்கும், பிள்ளை எடை ஒரு மூட்டை சிமெண்டில் கால்வாசி கூட வராது. கண்ணு, சாப்பிடு. கிண்ணத்தில் இன்னும் பாதி இருக்கிறது. பாதியும் போய்விட்டால் மேடம் நிச்சயம் நல்லதாகத்தான் சொல்வாங்க. சுபியின் தலை கொஞ்சம் சாய்ந்துவந்தது. பூமதி தாடையைத் தொட்டு நேராக்கினாள். முழுங்குவதற்கு இப்போது நேரம் கூடிக்கொண்டு வருகிறது, முதலில் இப்படி இல்லை. தூக்கமா? காலையில் சீக்கிரம் எழுப்பியதால் இருக்கும்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் திடுக்கென்று ஒரு சத்தம், பலகை சாய்ந்ததோ என்னவோ, "மேடம், ஒரு நிமிஷம் வாங்க!" என்று குரல். பெனிட்டா ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு எழுந்தாள். "இருங்க, வந்துடறேன்" என்று சொல்லிக்கொண்டே போனாள். கரண்டி அப்போது சுபியின் வாய்க்குள் இருந்தது. எடுத்தாள். உதடு மூடியது. சுபி முழுங்கினாள், முழுங்கின மாதிரிதான் இருந்தது. இருமவில்லை. ஆனால் கண்ணின் ஓரம் சிவந்தது. இரண்டு கண்ணிலும் தண்ணீர் தளும்பி நின்றது. மூக்கு ஓரம் விரிந்து மூடியது. சுபி அம்மாவையே பார்த்தாள், ஒரு சத்தமும் இல்லை. இந்தப் பார்வையைப் பூமதிக்குத் தெரியும். வீட்டில் எத்தனை தடவை பார்த்திருக்கிறாள், நெய் வாசத்துக்குக் கண்ணு கலங்குது பாரு, ருசி கண்டுட்டா எம்புள்ள என்று எத்தனை தடவை கன்னத்தைக் கிள்ளியிருக்கிறாள். ருசி இல்லை அது. அப்போதும் இல்லை. இப்போது யாரும் பார்க்கவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் பெனிட்டா யாரையோ சமாதானப்படுத்திக்கொண்டிருக்கிறாள். புடவைத் தலைப்பால் கண்ணை ஒற்றிவிட்டால் தெரியாது. கொஞ்ச நேரம் பொறுத்தால் தண்ணீர் தானே வற்றிவிடும். அடுத்த கரண்டி நல்லபடியாகப் போகலாம், ஒண்ணே ஒண்ணு தப்பினால் என்ன, பெரியவங்களுக்கே தப்புறதில்லையா? தலைப்பு கைக்கு வந்துவிட்டது. சுபியின் மூச்சு கேட்டது. கேட்கக் கூடாதென்று இருந்தாலும் கேட்டது. மூச்சு விடும்போது அடியில் ஏதோ குமிழ் உடைகிற மாதிரி, ஈரமாக. பெரியாஸ்பத்திரிக் கட்டிலிலும் முதலில் இப்படித்தான் கேட்டது.

"மேடம்" என்று கூப்பிட்டாள். அந்தப் பக்கம் கேட்கவில்லை போல. "மேடம்! கொஞ்சம் வாங்க, ஒண்ணு தப்பாப் போயிருச்சு!" பெனிட்டா வேகமாக வந்து மண்டி போட்டு, கழுத்தில் வட்டத்தை வைத்துக் கேட்டாள், முதுகில் வைத்துக் கேட்டாள், வாரைத் தளர்த்திச் சுபியை முன்னால் சாய்த்து முதுகை நீவினாள். "இருமினாளா?" "இல்லீங்க. கண்ணு கலங்குச்சு. அவ்வளவுதான்." "கிண்ணத்துல இன்னும் பாதி இருக்கே, ஏன் நிறுத்துனீங்க?" இதற்கு என்ன பதில் என்று பூமதி யோசிக்கவில்லை, தானாக வந்தது. "களைச்சுப்போயிட்டாளுங்க மேடம். கொஞ்ச முன்னாடியே களைச்சுட்டா. நாந்தான் பாக்காத மாதிரி இருந்தேன்." பெனிட்டா ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றிப் பூமதியின் காதில் மாட்டினாள். முதலில் பூமதிக்குத் தன் ரத்தமே இரைவது போல இருந்தது. அப்புறம் கேட்டது. சுபியின் கழுத்துக்குள், சோற்றுக் கஞ்சி அடுப்பில் வற்றும்போது வருகிற சத்தம். காதிலிருந்து அதைக் கழற்றாமலேயே கேட்டாள். "குழாய்தானுங்களா?" பெனிட்டாவின் உதடு அசைந்தது, பூமதிக்குக் கேட்கவில்லை, கழற்றினாள். "வயிறு நிறையறதுக்குக் குழாய்தான் வேணும் பூமதி. தெம்பா இருக்கற நேரத்துல, ருசிக்கு ரெண்டு கரண்டி, கெட்டியா, இந்த நாற்காலில வெச்சு வாயில கொடுக்கலாம். களைப்பு தெரிஞ்சதும் நிறுத்திடணும், இப்ப நிறுத்துனீங்களே அது மாதிரி. டாக்டர்கிட்ட நான் இப்படித்தான் சொல்லப்போறேன்." பூமதி தலையாட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள். அப்புறம், கேட்கலாமா என்று தயங்கி, கேட்டுவிட்டாள். "ஏனுங்க மேடம், குழாய்ல போறப்ப சிரிக்கலாமுங்களா?" "என்னது?" "இல்லீங்க, அது வயித்துக்குத்தான போகுது. அப்ப நான் அவளச் சிரிக்க வெச்சா ஒண்ணும் ஆகாதுங்களே?" பெனிட்டா சுபியை நிமிர்த்தி வாரை மறுபடி மாட்டினாள். "உக்கார வெச்சு, மெதுவா விட்டீங்கன்னா ஆகாது. சிரிக்கலாம்." "எவ்வளவு வேணாலுமா?" "எவ்வளவு வேணாலும்." "அப்பச் சரிங்க, போன் பண்ணிருங்க" என்றாள் பூமதி. "அவங்கப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன்."

பெனிட்டா போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். சுபியின் கண்ணீர் வற்றிவிட்டிருந்தது, மூச்சும் கொஞ்சம் தேவலை. பூமதி கரண்டியைக் கிண்ணத்தில் போட்ட சத்தத்துக்கு சுபி திரும்பினாள். தலை ஆடி, நின்று, கிண்ணத்தைக் கண்டுபிடித்தது. அப்புறம் அம்மாவைப் பார்த்தாள். பூமதி தும்மவில்லை, கண்ணை உருட்டவில்லை, மூஞ்சியில் ஒன்றும் இல்லை. சுபி வாயைத் திறந்தாள். தானாக, மெதுவாக, தாடை நடுங்க, இத்தனை நேரம் மனசுக்குள் கெஞ்சியும் இப்படித் திறக்காத வாயை அகலமாகத் திறந்து, அடுத்த கரண்டிக்கு நாக்கைக் கூட நீட்டி வைத்துக்கொண்டாள். பசி. காலையிலிருந்து ஒன்றும் சரியாகச் சாப்பிடவில்லையே. பூமதியின் கை கரண்டிக்குப் போய், பிடித்தும்விட்டது. ஜன்னல் பக்கம் பெனிட்டா, "ஆமா டாக்டர், இன்னைக்கு நேர்லயே பாத்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பூமதி கரண்டியை எடுத்துத் துடைத்துப் பைக்குள் போட்டாள். கிண்ணத்தின் மூடியைத் தேடி எடுத்து வைத்து, உள்ளங்கையால் அழுத்தி மூடினாள். சுபி வாயை மூடவில்லை.